மருந்துப் பிழை: எங்கே நடக்கிறது, எப்படித் தடுப்பது

“மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கல.” “மெடிக்கல்ல மாத்திக் குடுத்துட்டாங்க.” “மருந்தே சரியில்ல.” மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிட்டால், குன்னூர் பஸ் ஸ்டாண்டானாலும் பந்தலூர் எஸ்டேட் லைன் வீடானாலும் இந்த மூன்றில் ஒன்று காதில் விழும். சொல்பவர்கள் மூன்றையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஆனால் இவை வெவ்வேறு மூன்று பிரச்சினைகள். தீர்வும் வேறு வேறு. இவற்றில் ஒன்றை மட்டும் நம்மால் பெருமளவு தடுத்துவிட முடியும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் மூன்றையும் பிரிப்போம்

சரியான மருந்தை, சரியான அளவில், சரியான ஆள் சாப்பிட்டும் உடம்பு வேண்டாத விளைவைக் காட்டினால் அது பக்கவிளைவு. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அதே அழுத்தத்துக்கான எனலாபிரில் என்ற மருந்து சிலருக்கு வறட்டு இருமல் தரும். இதில் யார் மீதும் தவறில்லை. மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து எழுதுவார்.

மருந்தே கெட்டதாக இருந்தால் அது தரக்குறைவு. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் உயிரிழக்கக் காரணமான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து. அங்கே தவறியது ஆலை. கடைக்காரரோ தாயோ எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்றாவதுதான் மருந்துப் பிழை. மருந்தை எழுதுவது, எடுத்துக் கொடுப்பது, ஊசியாகப் போடுவது, வீட்டில் விழுங்குவது என்ற வரிசையில் எங்கோ ஓரிடத்தில் தவறிப்போய் நோயாளிக்குக் கேடு வருவது, அல்லது வரப் பார்ப்பது. மருந்து நல்லதாகவே இருக்கும்; அது போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. தடுத்திருக்க முடியும் என்பதுதான் இதன் அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல், தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துப் பாதிப்புகளை 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைப்போம் என்று நாடுகளுக்கு இலக்கு வைத்தது இந்த மூன்றாவது வகையை மனதில் வைத்துத்தான்.

## ஒரு தவறு மட்டும் போதாது

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு வண்டி கவிழ்ந்தால் “டிரைவர் சரியில்ல” என்று பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஓட்டுநர் கவனம் சிதறினாலும் வண்டியைக் காப்பாற்ற அந்தச் சாலையில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன: கீழ் கியரில் இறங்கச் சொல்லும் பலகை, வளைவில் ஹாரன், ஓரத்துத் தடுப்புச்சுவர். பலகை விழுந்து கிடந்து, பிரேக் சூடேறி, அந்த இடத்தில் சுவரும் இடிந்திருந்தால்தான் வண்டி பள்ளத்துக்குப் போகும்.

மருந்தும் அப்படித்தான் இறங்கி வருகிறது. மருத்துவர் எழுதியதை மருந்தாளுநர் ஒருமுறை பார்க்கிறார், கவரில் எழுதும்போது இன்னொரு முறை பார்க்கிறார், வீட்டில் பிள்ளைகள் சீட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஏதாவது ஒரு வளைவில் பிழை மாட்டிக்கொண்டால் கேடில்லை. அப்படிக் கேடு வருமுன் பிடிபட்டதைத் ‘தப்பிய பிழை’ என்போம். அதைத் திட்டி மறைத்துவிடுகிற கடையில், எந்த வளைவில் சுவர் இடிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

சுருக்கம்: பிழை என்பது ஒரு ஆளின் அலட்சியம் மட்டும் அல்ல. அடுத்தடுத்த சரிபார்ப்புகள் ஒரே நேரத்தில் தவறும்போது அது நோயாளியைத் தொடுகிறது.

## மலையில் அதிகம் தவறுவது கைமாறும் இடத்தில்

நீலகிரியில் ஒருவரின் மருந்து ஒரே கையிலிருந்து வருவதில்லை. பி.பி., சர்க்கரை மாத்திரை 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வருகிறது, அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. காய்ச்சலுக்கு எஸ்டேட் டிஸ்பென்சரி. பெரிய வியாதி என்றால் கோத்தகிரி, குன்னூர் பக்கத்தவர்கள் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் போகிறார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பலர் கேரளாவின் சுல்தான் பத்தேரிக்கும் போவார்கள். இந்த இடங்களில் ஒரு மருத்துவர் எழுதியது இன்னொரு மருத்துவருக்குத் தெரியாது. எல்லாம் சேரும் ஒரே இடம் அந்த வீட்டு அலமாரி.

ஓர் எடுத்துக்காட்டு. கோத்தகிரியில் ஒரு அம்மாவுக்கு அரசு மருந்தாக பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி., சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 மி.கி. வருகிறது. நெஞ்சுவலி என்று கோவையில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து நான்கு நாளில் வீடு திரும்புகிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் புதுப் பெயரில் இரண்டு மாத்திரை. ஒன்றில் டெல்மிசார்டன் 40 மி.கி.யோடு அம்லோடிபின் 5 மி.கி. சேர்ந்திருக்கிறது. இன்னொன்றில் மெட்பார்மின் 500 மி.கி.யோடு கிளிமிபிரைடு 1 மி.கி. பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. “பழசை நிறுத்துங்க” என்று யாரும் சொல்லவில்லை. அவர் பழசு, புதுசு இரண்டையும் சாப்பிடுகிறார். அம்லோடிபின் இரட்டிப்பாகி, மேலே டெல்மிசார்டன் என்ற இன்னொரு பி.பி. மருந்தும் சேர, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். தேயிலைச் சரிவில் அந்தத் தலைச்சுற்றல் எலும்பு முறிவில் போய் முடியலாம். இதில் எழுதியவரும் தவறாக எழுதவில்லை, கொடுத்தவரும் தவறாகக் கொடுக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கும் வேலைக்குப் பெயர் மருந்து ஒப்பீடு: ஆஸ்பத்திரியில் சேரும்போதும் வெளியே வரும்போதும், வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் புதுச் சீட்டோடு வரிக்கு வரி பொருத்தி, எது தொடரும், எது நிற்கும், எது மாறும் என்று எழுதிக்கொள்வது. செய்ய ஒரு துணிப்பை போதும். வீட்டில் உள்ள அட்டை, பாட்டில், சொட்டு மருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் போங்கள். ‘நான் என்ன சாப்பிடுகிறேன்’ என்று வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இதுல எதெல்லாம் நிறுத்தணும், டாக்டர்?” புதிது என்ன என்று அவர்களே சொல்வார்கள், நிறுத்த வேண்டியதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அட்டையில் பார்க்க வேண்டியது கம்பெனி வைத்த பெயரை அல்ல. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வரியை. இதை உட்பொருள் பெயர் என்போம். இரண்டு அட்டையில் ஒரே உட்பொருள் இருந்தால் கேட்காமல் சாப்பிடக் கூடாது. கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிவரும் எழுத்துகளும் ஆளைக் கவிழ்க்கும். ‘ஏ.எம்.’ என்றால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது. ‘எச்’ என்றால் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்தது. ‘ஜி 1’, ‘ஜி 2’ என்றால் கிளிமிபிரைடு 1 அல்லது 2 மி.கி. ‘ஜி 1’ தீர்ந்து ‘ஜி 2’ கைக்கு வந்தால் சர்க்கரையைக் குறைக்கும் அந்த மருந்தின் அளவு இரட்டிப்பு. காலையில் வெறும் டீயோடு பசுந்தேயிலை பறிக்கப் போகிறவருக்கு இது ஆபத்து. ஊட்டிக் குளிரில் காரணமில்லாமல் ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று முதலில் நினையுங்கள். நினைவோடு விழுங்க முடிந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்று போட்டிருந்தால் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. விழுங்கச் சிரமம் என்று பொடித்துக் கொடுத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

நிறத்தை நம்புவதும் பிழைதான். அரசு மருந்துகள் டெண்டர் மூலம் வாங்கப்படுகின்றன. கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவும் மாறும். “வெள்ளை மாத்திரை பி.பி.க்கு, மஞ்சள் சுகருக்கு” என்று மனப்பாடம் செய்தவர் அடுத்த மாதமே மாற்றிச் சாப்பிட வாய்ப்புண்டு.

சுருக்கம்: மருந்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கைமாறும்போதெல்லாம், உட்பொருள் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். நிறம், அட்டை, கம்பெனிப் பெயர் உதவாது.

## கண்ணும் காதும் ஏமாறும் பெயர்கள்

சில மருந்துகள் எழுத்திலோ ஒலியிலோ ஒன்றுபோல் இருக்கும். இவற்றை ஒத்த பெயர் மருந்துகள் என்போம். மெட்பார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் வயிற்றுக் கிருமிக்கு. கார்பமசெபின் வலிப்புக்கு, கார்பிமசோல் தைராய்டுக்கு. அசித்ரோமைசின் தொண்டைத் தொற்றுக்கு. அசத்தியோபிரின் உடலின் எதிர்ப்புச் சக்தியையே அடக்குவது. அவசரக் கையெழுத்தில் முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் மீதியைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். அனுபவசாலிகளிடம் இது இன்னும் அதிகம், ஏனென்றால் அவர்கள் வேகமாகப் படிப்பவர்கள்.

தடுக்கும் வழி எளிது: “எதுக்காகங்க இந்த மருந்து?” என்று கேட்பது. வலிப்பு என்று நோயாளி சொல்லும்போது கையில் கார்பிமசோல் இருந்தால் அங்கேயே பிடிபடும். கடை அலமாரியில் அகர வரிசை அழகாக இருக்கும். ஆனால் ஒத்த பெயர்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவதே அந்த வரிசைதான். இவற்றைப் பிரித்து வேறு தட்டில் வைக்க வேண்டும்.

எண்களும் ஏமாற்றும். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். எனவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் வேண்டாம். புள்ளிக்கு முன் சுழி கட்டாயம்: 1, 0.5. தைராய்டு மருந்தான தைராக்சின் மைக்ரோகிராமில் வருவது. 1,000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மி.கி. எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து டவுன் கடைக்குப் போனில் சொல்லும்போது, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், ‘ஃபிப்டீன்’ எது ‘ஃபிப்டி’ எது என்று தெரியாது. பதினைந்து, ஐம்பது என்று தமிழிலேயே சொல்லுங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்லி, சொன்னவர் “ஆமா” என்ற பிறகுதான் எழுத வேண்டும்.

## அளவு: குழந்தையின் ஸ்பூனும் இன்சுலின் ஊசியும்

குழந்தைக்கு பாராசிட்டமால் வயதைப் பார்த்துக் கொடுப்பதல்ல, எடையைப் பார்த்துக் கொடுப்பது: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகாமல். எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் தராசு இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், ஒரே மருந்து மூன்று திடத்தில், அதாவது மூன்று செறிவில், விற்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால் முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. “போன தடவை 6 மி.லி. குடுத்தோமே” என்று சொட்டு மருந்தை அதே அளவு ஊற்றினால் உள்ளே போவது 600 மி.கி., அதாவது 4 மடங்கு. ஆகவே கவரில் ‘6 மி.லி.’ என்று மட்டும் எழுதுவது அரை வேலை. எந்த பாட்டிலிலிருந்து, எத்தனை மி.கி., எத்தனை மி.லி. என்று மூன்றும் வேண்டும். சமையலறை ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு.

பெரியவர்களுக்கு வேறு கதை. காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை, ஜலதோஷ மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று மூன்று வாங்கினால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். தினமும் குடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் அதைவிடக் குறைவு.

இன்சுலினில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இன்சுலின் வயல் (ஊசி மருந்துச் சிறு குப்பி) இரண்டு வகை: 1 மி.லி.யில் 40 யூனிட், 1 மி.லி.யில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போகும். 20 யூனிட் போட நினைத்தவருக்கு 50 யூனிட் ஏறிவிடும். மாற்றி எடுத்தால் மருந்து பத்தாமல் சர்க்கரை ஏறும். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 100 யூனிட். பேனா கெட்டுவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சுவது மிக ஆபத்தான குறுக்குவழி. சீட்டில் ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து சுழிபோல் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். ‘யூனிட்’ என்று முழுதாக எழுத வேண்டும்.

மலைக்கு ஒரு கூடுதல் குறிப்பு. இன்சுலினுக்கு வெயிலைப் போலவே உறைதலும் எதிரி. திறக்காத வயல் 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரீசர் தட்டுக்குப் பக்கத்தில் கூடாது. உறைந்து இளகியது பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் தகரக் கூரை ஓரம், ஜன்னல் திண்டு வேண்டாம். பயன்பாட்டில் உள்ள வயலுக்கு ஊட்டியின் அறை வெப்பமே போதும், சுமார் 4 வாரம் வரை. மேட்டுப்பாளையம் இறங்கும் பயணத்தில்தான் வெப்பம் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

## தினமும் அல்ல, வாரம் ஒருமுறை

சிறு பிழையும் பெருங்கேடு செய்யும் மருந்துகளை உயர் அபாய மருந்துகள் என்போம். இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், நரம்பில் ஏற்றும் பொட்டாசியம் குளோரைடு இதில் வரும். வீட்டில் நடக்கும் மோசமான உதாரணம் மீத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. மற்ற எல்லா மாத்திரையும் தினசரி என்பதால் இதையும் தினசரி சாப்பிட்டுவிடுவார்கள். எலும்பு மஜ்ஜை அடங்கிப்போய் வாய்ப்புண், காய்ச்சல், தோலில் இரத்தத் திட்டு வரும், உயிரும் போகலாம். கவரில் ‘வாரம் 1’ என்று எழுதினால் போதாது. ‘வியாழக்கிழமை மட்டும்’ என்று கிழமையை எழுதி, 4 வாரத்துக்கு மேல் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொன்று. இரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் அரிவாள் செல் நோய். இந்தியாவில் அதன் மரபணு 1952-ல் முதலில் பதிவானது நீலகிரி ஆதிவாசி மக்களிடம். இந்த நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சியூரியா எடை பார்த்துக் கணக்கிட்டு, இரத்த அணு எண்ணிக்கை பார்த்துத் தொடர வேண்டியது. ஒருவருக்கு எழுதியதை அண்ணன் தம்பி பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் இவர்களுக்குப் பொருந்தாது. இரும்புக் குறைவு என்று பரிசோதனை சொன்னால்தான் கொடுக்க வேண்டும். அடிக்கடி இரத்தம் ஏற்றியவரின் உடலில் இரும்பு ஏற்கெனவே கூடியிருக்கும்.

## கவுண்டரில் இரண்டு நிமிடம்

மருத்துவர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை என்று 1948-ன் பார்மசி சட்டம் சொல்கிறது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் கடைப் பையன் எடுத்துக் கொடுப்பதில்தான் பல பிழைகள் தொடங்குகின்றன.

நல்ல கடையில் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது, வெட்டும்போது, கையில் கொடுக்கும்போது என மூன்று முறை பெயர், திடம், வடிவம் சீட்டோடு பார்க்கப்படும். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் எந்தத் துண்டில் போகிறது என்று கவனியுங்கள். பெயரில்லாத நான்கு மாத்திரை வீட்டுக்கு வந்தால் நாளை எந்த மருத்துவராலும் அதை அடையாளம் சொல்ல முடியாது. கவரில் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். ஆடி மழை ஈரத்தில் மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போடும் பழக்கமும் வேண்டாம். பெயரும் போகும், மாத்திரையும் நமுத்துப் போகும்.

‘1-0-1’ என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் மலையாளம், பணியர் மொழி, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் இந்தி என்று ஒரே வரிசையில் நான்கு மொழி நிற்கும். அங்கே எழுத்தைவிட சூரியன், நிலா படம் வரைந்த கவரே நம்பகமானது. கடைசியாக, “புரிஞ்சுதா பாட்டி?” என்று கேட்டால் எந்தப் பாட்டியும் “புரிஞ்சுது சாமி” என்றுதான் சொல்வார். “பாட்டி, வீட்டுக்குப் போய் இதை எப்படி சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்க வேண்டும். அவர் தன் வாயால் சொல்லும்போது பிழை வெளியே வந்துவிடும்.

## தவறு நடந்துவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எந்த மருந்து, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதி, அட்டையையும் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். “நல்லாத்தானே இருக்கான்” என்று காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாளில்தான் வெளிப்படும். அதற்கான முறிமருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். மஞ்சூரிலிருந்தோ மலையிடுக்கு எஸ்டேட்டிலிருந்தோ இறங்கி வரும் நேரமும் அந்த 8 மணி நேரத்துக்குள் அடக்கம்.

பிறகு தெரிவிப்பது. மருந்தால் வந்த பாதிப்பை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே சொல்லலாம். மருந்துப் பெயர், அட்டையில் உள்ள பேட்ச் எண், சாப்பிட ஆரம்பித்த தேதி, என்ன ஆனது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கடையிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் தப்பிய பிழைகளுக்கு ஒரு தனி நோட்டு வைக்கலாம்: தேதி, எந்த மருந்து, எந்தக் கட்டத்தில் தவறியது, எப்படிப் பிடிபட்டது. செய்தவர் பெயருக்கு அந்த நோட்டில் பத்தி வேண்டாம். பெயர் எழுதச் சொன்ன மறுநாளிலிருந்து அதில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள்.